எங்கள் பிள்ளையை நெஞ்சோடு வைத்திருக்க வழிசெய்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

குறைமாதத்தில் பிறந்த எங்கள் மகள் நல்லபடியாக வீட்டில் இருக்கிறாள். எடை ஏறுகிறது, வயிறு நிறையப் பால் குடிக்கிறாள், ராத்திரி எங்களை உறங்க விடுவதில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டோம். ஆனால் நம்பர் வாங்கி வைக்காதவர்கள், பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

30 வாரத்தில் பிறந்தவள், 1,240 கிராம். கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் செக்கப்புக்குப் போன இடத்தில், என் மனைவிக்கு பி.பி. ரொம்ப ஏறியிருக்கிறது என்று சொல்லி 108-ஐ வரவழைத்து, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆடி மாச மழை. தக்கலை தாண்டி வில்லுக்குறி வரை ரோடே தெரியவில்லை. வண்டியில் கூட வந்த தம்பி வழி முழுக்க பி.பி. பார்த்துக்கொண்டே வந்தார். முன்கூட்டியே போன் பண்ணியும் வைத்திருந்தார். நாங்கள் போய் இறங்கும்போது ஸ்ட்ரெச்சர் வாசலில் நின்றது. அந்தத் தம்பிக்கு முதல் நன்றி.

பிரசவத்தை முடிந்த மட்டும் தள்ளி வைத்து, பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்பட ஸ்டீராய்டு ஊசி போட்ட டாக்டர்களுக்கு நன்றி. பிறந்ததும் சிபாப் என்கிற, மூக்கு வழியாகக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கருவியை வைத்து மூச்சுக்குத் துணை கொடுத்தார்கள். குறைமாதப் பிள்ளைகள் இடையிடையே மூச்சு விடாமல் இருந்துவிடுமாம். அதற்குக் காஃபீன் மருந்து. காமாலைக்கு நீல விளக்கு. பாலுக்கு வாய் வழியாக மெல்லிய டியூப். ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்கிறோம் என்று எங்களிடம் சொல்லிவிட்டே செய்தார்கள். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டபோதும் அந்த இளம் டாக்டரம்மா முகம் சுளிக்கவில்லை.

அப்புறம், பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டு வைக்கும் கங்காரு முறையைச் சொல்லிக்கொடுத்த மூத்த சிஸ்டர். பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் டயப்பரும் மட்டும்தான். அம்மாவின் மார்பு நடுவில் நிமிர்த்திப் போட்டு, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைக்காதபடி சற்றே உயர்த்தி வைப்பார். காலிரண்டையும் தவளைக் கால்போல மடக்கி, பருத்தித் துணியால் இருவரையும் சேர்த்துக் கட்டுவார். கட்டி முடித்து மானிட்டரைக் காட்டுவார். “பாரு, உம்மேல கெடக்கும்போ ஆக்சிஜன் எறங்காம நிக்குது.” என் மனைவி மானிட்டரைப் பார்க்கமாட்டாள். பிள்ளையின் முதுகில் விரித்து வைத்த தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஒரு கை முதுகு முழுவதையும் மூடிவிடும்.

1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் தொடங்கிய முறை இது என்று டாக்டர் சொன்னார். அதற்காக, கருவி இல்லாத இடத்தில் செய்கிற மாற்று ஏற்பாடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்தியா உட்பட 5 நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உடல்நிலை தேறட்டும் என்று காத்திருக்காமல் பிறந்த உடனேயே தாயின் நெஞ்சில் போட்ட சின்னப் பிள்ளைகளிடையே, முதல் 28 நாள் இறப்பு நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே வலியுறுத்தியது. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் 24 மணி நேரமும் வைத்திருக்கச் சொன்னது.

எட்டு மணி நேரம் என்றால் சும்மா இல்லை. ஆபரேஷன் தையலோடு ஒரு பெண் அவ்வளவு நேரம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்றால், அவளுக்குச் சோறு யார் கொண்டுவருவது? துணி யார் அலசிப் போடுவது? வீட்டில் மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? வீட்டுக்காரன் எத்தனை நாள் கூலி இல்லாமல் நிற்பது? அவள் நெஞ்சில் பிள்ளை கிடந்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வெளியே யாரோ ஒருவர் பாடுபட்டிருக்கிறார். பிள்ளைக்கு நடந்த வைத்தியத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இதை அவர்களில் பலர் அறியமாட்டார்கள். “நான் என்ன பெருசா செஞ்சேன்” என்றுதான் கேட்பார்கள். என்ன செய்தார்கள் என்று நான் சொல்கிறேன்.

என் கூட்டாளி அண்ணனும் நானும் ஒரே தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறவர்கள். மழைக்காலத்தில் வெட்டில் தண்ணீர் இறங்காதபடி மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டியிருந்தாலும் வெட்டு கிடைக்கிற நாள் குறைவு. கிடைத்த நாளிலும் நான் ஆசாரிப்பள்ளத்தில் நின்றேன். அண்ணன் விடியுமுன்னே தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, தன் மரங்களோடு என் மரங்களையும் சேர்த்து வெட்டியிருக்கிறார். வெயில் ஏறினால் மரத்தில் ரப்பர் பால் ஒழுக்கு குறைந்துவிடும் என்று வெட்டுகிற எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் பல நாள் என் மரங்களைத்தான் முதலில் வெட்டினாராம். அவர் வாயால் சொல்லவில்லை, அவர் வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். அக்காவும் சும்மா இருக்கவில்லை. சிரட்டைகளில் இருந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துப் புகைப்புரையில் போட்டிருக்கிறார். என் மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைக்கூடத் தனிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். கூலி முழுவதையும் என் கையில் வைத்தபோது, “பாதியாவது எடுங்கண்ணே” என்று கெஞ்சினேன். “பிள்ள வீட்டுக்கு வந்தாச்சில்லா? அப்ப சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு மைனிக்கு. “எதாவது வேணும்னா சொல்லுங்க” என்று பலர் சொன்னார்கள், மனதாரத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்று எங்களுக்கே சொல்லத் தெரியாது. மைனி ஒன்றும் கேட்கவில்லை. வந்தார், சாவியை வாங்கினார், மூத்தவனின் பள்ளிப் பையையும் துணியையும் எடுத்துக்கொண்டு அவனைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா எங்கே என்று அவன் ராத்திரி கரைந்தபோதெல்லாம் பக்கத்தில் படுக்கவைத்து உறக்கியவர் அவர்தான். தங்கச்சிக்குப் படம் வரைந்து கொடு என்று சொல்லி வரையவைத்து, அதை மடித்துப் பொதிச்சோற்றோடு கொடுத்தனுப்புவார். யானை, பஸ், பிறகு என்னவென்று தெரியாத ஒன்று. என் மனைவி ஒவ்வொன்றையும் தலையணைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தாள். மூத்தவனைப் பற்றிக் கவலை இல்லை என்ற ஒரு நிம்மதி இருந்ததால்தான் அவளால் அங்கே பொறுமையாக உட்கார முடிந்தது.

தாய்மார்கள் தங்கும் வார்டில் இருந்த முட்டம் பக்கத்துக் கடற்கரை அக்கா. முதல் நாட்களில் என் மனைவிக்குப் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. மூன்று மணிக்கு ஒருமுறை, நடுராத்திரியிலும் எழுந்து பீச்ச வேண்டும். சிரிஞ்சில் ஒரு மில்லி வந்தாலே பெரிது. அவள் அழுதுகொண்டே இருந்தாள். இந்த அக்கா தன் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, “கரையாத மக்களே. இந்த ஒரு மில்லிதான் உம் பிள்ளைக்கு இப்ப வயிறு நெறய” என்றாராம். வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்து, எங்கே பிடித்து எப்படி அழுத்த வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். அவருடைய பிள்ளையும் உள்ளேதான் இருந்தது, எங்கள் பிள்ளைக்கு முன்பே வந்தது. டியூப்பில் போய்க்கொண்டிருந்த பால், பிள்ளைக்குப் புகட்டுகிற சின்னக் கிண்ணமான பாலாடைக்கு மாறிய அன்று, எங்களைவிட அதிகம் சந்தோஷப்பட்டவர் அந்த அக்கா. தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் அடுத்த முறை கண் பரிசோதனைக்கு வந்தபோது பால்சுறா அவித்து ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டுவந்தார். பால் சுரக்கும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அன்று என் மனைவி வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மாவுக்கு. டீக்கடையில் நான் யாரோடோ போனில் பேசியதைக் கேட்டுவிட்டு, தானாகவே விசாரித்தார். அன்றிலிருந்து என் மாமியாருக்குக் குளிக்கவும் துணி துவைக்கவும் அவர் வீட்டுப் பின்பக்கம் திறந்தே இருந்தது. சாயங்காலம் கஞ்சியும் பயறும் காத்திருக்கும். சிகிச்சைக்கு எங்களுக்குச் செலவே இல்லை. 2011 முதல் நடக்கிற ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவமும் நோயுற்ற கைக்குழந்தைக்கான மருந்தும் பரிசோதனையும் இலவசம். ஆனால் வெளியே நிற்கிறவர்களுக்குக் குளிக்க இடம், உறங்க இடம், ஒரு வாய் சோறு என்று ஒவ்வொன்றுக்கும் காசு வேண்டும். அதில் பாதியை அந்த ஒரு வீடு தாங்கியது.

வாசலில் இருந்த காவலர் அக்காவுக்கும் நன்றி. கண்டிப்பானவர். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் யாரையும் உள்ளே விடமாட்டார். அந்தக் கண்டிப்புதான் எங்கள் பிள்ளையைத் தொற்று இல்லாமல் காத்தது என்று நான் நம்புகிறேன்.

பார்க்க வராமல் இருந்த சொந்தக்காரர்களுக்கும் நன்றி. இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் பத்துப் பேர் போய்ப் பார்ப்பதுதான் மரியாதை. சின்ன மாமா எல்லாருக்கும் போன் போட்டு, “பிள்ள தேறட்டும், பொறவு போலாம்” என்று தடுத்து வைத்தார். பெரியவர்கள் அதைக் கேட்டு நின்றதும் பெரிய உதவி. வேறு சிலர், “ஏழு மாசப் பிள்ளை தங்கும், எட்டு மாசம்தான் தங்காது” என்று ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் அன்பு புரிகிறது. ஆனால் எட்டு மாசப் பிள்ளையோடு அதே வார்டில் இன்னொரு அம்மா இருந்தார், அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்தது. வயிற்றில் கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபம்தான் என்று சிஸ்டர் அவரை உட்காரவைத்து விளக்கினார். தயவுசெய்து அந்தப் பழைய பேச்சை இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

எனக்கும் பிள்ளையை நெஞ்சில் போட வாய்ப்புக் கொடுத்தார்கள். அப்பாவும் செய்யலாம் என்றே எனக்கு அதுவரை தெரியாது. என் மேல் ரப்பர் ஆசிட் வாடை போகவில்லை என்று சிஸ்டர் இரண்டாவது முறை குளித்து வரச் சொன்னார். சட்டையைக் கழற்றி உட்கார்ந்ததும் மகளைக் கொண்டுவந்து வைத்தார். அவள் சூடு என் மேல் பட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. என் மனைவி அந்த நேரத்தில் போய்ச் சாப்பிட்டு, படுத்து உறங்கினாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் ஒரே மூச்சில் உறங்கிய முதல் உறக்கம் அது. அந்தச் சிஸ்டர் எங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்த்தார்.

கண் டாக்டருக்கும் நன்றி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். குறைமாதப் பிள்ளைகளுக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளரலாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கும் 2 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்கும் பிறந்த 30 நாளுக்குள் கண்ணைச் சோதிக்கச் சொல்கிறார்கள். வேண்டிய நேரத்தில் லேசர் செய்தால் பார்வையைக் காப்பாற்றலாம். எங்கள் மகளுக்கு லேசர் தேவைப்படவில்லை, ஆனாலும் கூப்பிட்ட தேதியிலெல்லாம் போய்வருகிறோம். வீட்டுக்குப் போன சந்தோஷத்தில் இந்தத் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்களுக்குத் தேதியை ஞாபகப்படுத்துகிறவர் ஊர் கிராம சுகாதார செவிலியர். தராசைத் தூக்கிக்கொண்டு மழையிலும் மேடேறி வருகிற அவருக்கும் எங்கள் நன்றி.

இன்றைக்கு ஆசாரிப்பள்ளத்தில் பிள்ளையோடு இருக்கிற குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை பக்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணிகளும் என் மாமியார் தைத்த தொப்பிகளும் சிஸ்டரிடம் கொடுத்திருக்கிறோம். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே வருகிறேன், மதியச் சோறு என் பொறுப்பு. வீட்டில் மூத்த பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தன் வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படுக்க இடம் இருக்கிறது என்று உங்களிடம் சொல்லச் சொன்னார் மைனி.

நன்றியுடன்,
மகளின் அப்பாவும் அம்மாவும்,
குலசேகரம் பக்கம்