டோக்கன் முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

மதிப்புக்குரிய பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும், புகார் டிக்கெட்டில் இருக்கிறது. டிக்கெட்டில் எழுத முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு பில்ட், அதாவது நம் நிரலை ஓடக்கூடிய மென்பொருளாகத் தொகுக்கும் வேலை, நின்றது. பிழை எண் 404. அதாவது, காலை வரை இருந்த நம் சொந்த பேக்கேஜ் (நாமே எழுதிய நிரல் தொகுப்பு) "இல்லை". பெயரில் எழுத்துப் பிழையா என்று பார்த்தோம். யாராவது அந்தப் பதிப்பை அழித்துவிட்டார்களா என்று தேடினோம். அதை எழுதிய தம்பி ஊருக்குப் போக பஸ் ஏறிவிட்டார். அவரை போனில் பிடித்து, "நீ எதையாவது எடுத்துட்டியா?" என்று கேட்டோம். பாவம், பதறிப்போனார். எட்டே முக்காலுக்குத்தான் புரிந்தது, டோக்கன் (பேக்கேஜை எடுக்க பில்ட் காட்டும் அனுமதிச் சாவி) காலாவதி. 401, அதாவது அனுமதி இல்லை, என்று சொன்னால் அப்படியொரு பேக்கேஜ் இருப்பது வெளியாருக்குத் தெரிந்துவிடும் என்பதால், பேக்கேஜ்களை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி 404 என்கிறது. நியாயம்தான். ஆனால் வீட்டுக்காரரிடமே "இப்படி ஒரு வீடே இல்லை" என்றால் அவர் எங்கே போவார்?

அந்த டோக்கன் யார் பெயரில் இருந்தது தெரியுமா? ஏப்ரலில் வேலையை விட்டுப் போனவர் பெயரில். நான்கு மாதமாக அவர் தயவில்தான் நம் பில்ட் ஓடியிருக்கிறது.

காலாவதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2018 ஜூலையில், என்பிஎம் என்ற பொது ரெஜிஸ்ட்ரியில் இருந்த ஈஎஸ்லிண்ட்-ஸ்கோப் பேக்கேஜில் புகுந்த நச்சு நிரல் திருடியது .என்பிஎம்ஆர்சி கோப்பில் இருந்த டோக்கன்களைத்தான். என்பிஎம் அதுவரை கொடுத்திருந்த டோக்கன்கள் அத்தனையையும் ரத்து செய்ய வேண்டிவந்தது. 2025 செப்டம்பரில் ஷாய்-ஹுலுட் புழு (பேக்கேஜிலிருந்து பேக்கேஜுக்குத் தானே பரவும் நச்சு நிரல்) பரவிய பிறகு, எழுதும் உரிமையுள்ள, அதாவது புதுப் பதிப்பை வெளியிடக்கூடிய டோக்கனுக்கு 90 நாள்தான் என்று அங்கேயே வரம்பு கட்டிவிட்டார்கள். சரி, நீங்களும் 90 நாள் வையுங்கள். 30 நாள்கூட வையுங்கள். முடிவதற்கு ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

பாஸ்வேர்டு மாற்றச் சொல்லி மாதம் தவறாமல் மெயில் வருகிறது. கேன்டீனில் தயிர் சாதம் தீர்ந்தால்கூட குழுவில் செய்தி வருகிறது. டோக்கனுக்கு மட்டும் மௌன விரதம்.

புது டோக்கன் கேட்டால் மூன்று பேர் ஒப்புதல், இரண்டு நாள். அதனால் அன்று ராத்திரி ஒருவர் தன் சொந்த டோக்கனை அரட்டைக் குழுவில் போட்டு, "இப்போதைக்கு எல்லாரும் இதையே வெச்சுக்கோங்க" என்றார். அந்த ஒருவர் நான்தான். எழுதும் உரிமையும் அதில் இருந்தது. திங்கள் காலை ரத்து செய்துவிட்டேன். தப்புதான், திட்டுங்கள்.

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இதுதான்: பில்ட் சர்வருக்கு யார் பெயரிலும் இல்லாத தனிக் கணக்கு, அதில் படிக்க மட்டும் உரிமையுள்ள டோக்கன். அது முடிவதற்கு ஒரு வாரம் முன்பே, தனி ஆளுக்கு இல்லாமல் குழு முகவரிக்கு ஒரு மெயில்.

நீங்கள் இப்போது கொடுத்திருக்கும் டோக்கனின் 90 நாளை எண்ணிப் பார்த்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் முடிகிறது. தயவுசெய்து அதற்குள் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
பில்டைப் பார்த்துக்கொள்பவன்