திராட்சை மட்டும் வேண்டாம் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நீ அனுப்பிய போட்டோவை அம்மா நாலு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டாள். நாய்க்குட்டி கொழுகொழுவென்று இருக்கிறது. ஆனால் பக்கத்துத் தட்டில் கருப்பு திராட்சை இருந்ததே, அதை முதலில் எடுத்து வை. பச்சையோ உலர்ந்ததோ, திராட்சை நாய்க்கு விஷம், கொஞ்சம் தின்றாலே சிலதுக்குச் சிறுநீரகம் போய்விடும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். இதைக் கேட்கவே போனேன். மீன்பிடித் தடைக்காலம்தானே, ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் பாம்பன் கரையில்தான், வலை தைப்பதைத் தவிர வேலை இல்லை.

மற்ற பழம் கொடுக்கலாம். ஆப்பிள் என்றால் விதையையும் நடுத்தண்டையும் எடுத்துவிடு, விதையில் சயனைடு சங்கதி இருக்கிறதாம். தர்பூசணிக்கு விதையும் தோலும் கூடாது. மாங்கொட்டையை எட்டவே விடாதே, விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும். புதுசாக எது கொடுத்தாலும் ஒரு நாளைக்கு ஒரே பழம், விரல்நுனி அளவு, மறுநாள் வயிறு எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கொஞ்சம் கூட்டு. மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாதாம். மீன்குழம்புச் சோறும் வேண்டாம், திராட்சையில் கெடுதல் செய்வது டார்டாரிக் அமிலமாக இருக்கும் என்று 2021-ல் சொன்னார்களாம், நம்ம புளியிலும் அதுதான் இருக்கிறது. இதெல்லாம் நீ போனிலேயே பார்த்திருப்பாய், தெருவிலேயே முதலில் காலேஜ் போன பிள்ளை. பிறகு திராட்சை ஏன் தட்டுக்கு வந்தது?

மாப்பிள்ளைக்கு நாய் முடி பட்டாலே மூச்சு இழுக்குமே, பெண் பார்க்க வந்த அன்று திண்ணையில்கூட உட்காரவில்லையே. இப்போது பரவாயில்லை போல. சரி. தனியாக ஒரு நாயை வளர்ப்பது லேசில்லை. தனியாக என்று எழுதிவிட்டேன், கோடு போட்டு அடித்தால் அசிங்கமாக இருக்கும், விடு.

நீ ஆறாவது படிக்கும்போது நம்ம நாய் கருப்பன் செத்தானே, நீ போட்ட மீன்முள்தான் காரணம் என்று உன்னைத் திட்டினேனே. முள் இல்லை பாப்பா. கல்யாண வீட்டில் கொடுத்த பொட்டலத்திலிருந்து உலர்திராட்சையை ஒரு கை அள்ளி நான்தான் போட்டேன், வாலை ஆட்டி ஆட்டித் தின்றான். ராத்திரி முழுக்க வாந்தி, அடுத்த நாள் ஒரு சொட்டு மூத்திரம் போகவில்லை. டாக்டர் சொல்லச் சொல்ல அதுதான் கண்ணில் வந்தது. அன்றைக்கு எனக்கு விஷம் என்று தெரியாது, அது வேறு. ஆனால் ராமநாதபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நீ அழுதாய், நான் பஸ் காசுக்குப் பார்த்தேன். அதை மறைக்கத்தான் பழியை உன் தலையில் போட்டேன். மூன்று நாள் நீ சாப்பிடவில்லை.

திராட்சை தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும், பார்ப்போம் என்று உட்காராதே, அந்த நிமிஷமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு. காசு வேண்டுமானால் எந்த ராத்திரியானாலும் கூப்பிடு. திராட்சை மட்டும் வேண்டாம்.

தடைக்காலம் முடிவதற்குள் வந்தால் நான் வீட்டில் இருப்பேன், குட்டியையும் கூட்டிக்கொண்டு வா. எத்தனை பேருக்கு உலை வைக்க என்று மட்டும் அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடு.

அப்பா