பொருள்: திரும்ப அழைக்காத மோடம் – சரிசெய்து தரவும் அல்லது பணத்தைத் திருப்பித் தரவும்

ஐயா,

வணக்கம். எங்கள் திருப்பூர் அலுவலக லினக்ஸ் சர்வருக்காக உங்கள் மோடத்தை வாங்கினோம். எந்த மாடல் என்பது உங்களுக்கே தெரியும், பில்லும் இணைத்திருக்கிறேன். எங்கள் சென்னைப் பிரதிநிதி டயல் செய்து பெயரைக் கொடுத்ததும், எம்கெட்டி (மோடத்துக்கு வரும் அழைப்பை எடுக்கும் எங்கள் சர்வர் மென்பொருள்) லைனைத் துண்டித்துவிட்டு, நாங்கள் பதிந்து வைத்திருக்கும் அவர் எண்ணுக்குத் திரும்ப அழைக்க வேண்டும். வெளியூர் அழைப்புச் செலவு எங்கள் தலையில் விழும், சரி. வெளியாள் நுழைய முடியாது என்பதற்காகத்தானே இவ்வளவும்!

துண்டிப்பதெல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. திரும்ப அழைக்கும்போதுதான் ‘நோ டயல்டோன்’ என்று நின்றுவிடுகிறது. அதே லைனில் சாதாரணப் போனைச் செருகினால் டோன் கணீரென்று கேட்கிறது. நம் ஊர் டோன் 400 ஹெர்ட்ஸ், அதில் 25 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம். அமெரிக்காவில் 350-ம் 440-ம் சேர்ந்து வரும். உங்கள் பெட்டி எதைத் தேடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

உங்கள் ஹெல்ப்லைன் தம்பி சொன்னது: “எக்ஸ்3 போடுங்க சார், வேலை முடிஞ்சுது.” எக்ஸ்3 என்ற அந்த மோடம் கட்டளையைப் போட்டால் டோன் இருக்கிறதா என்றே பார்க்காமல் டயல் செய்யும். வெளியாள் ஒருவன் எங்கள் பிரதிநிதி பெயரில் கூப்பிட்டு, போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் எக்ஸ்சேஞ்ச் லைனை உடனே விடாது. மோடம் அவன் காதிலேயே எண்ணை அடித்துவிட்டு அவனுக்கே லாகின் காட்டும். பூட்டு சரியில்லை என்று போனால் கதவைக் கழற்றச் சொல்கிறார். இதை எடுத்துச் சொன்னதற்கு, “யூனிக்ஸ், லினக்ஸெல்லாம் எங்களுக்கு வேண்டாத வேலை, விண்டோஸ் போடுங்க” என்று பட்டென்று போனை வைத்துவிட்டார். காசு கொடுத்தவனிடம் பேசும் பேச்சா இது?

அதற்கு முன்பே மோடத்தைத் தூக்கிக்கொண்டு கோவை சர்வீஸ் சென்டருக்குப் போனேன். சாப்பாட்டு நேரம் என்று படியில் உட்கார வைத்தார்கள். அப்புறம் தங்கள் இன்டர்காம் லைனில் செருகி, விண்டோஸில் இன்டர்நெட் வருவதைக் காட்டி, ‘பழுதில்லை’ என்று சீல் குத்திக் கொடுத்தார்கள். இன்டர்காம் டோனும் எக்ஸ்சேஞ்ச் டோனும் ஒன்றா, ஐயா?

இதனால் இந்த சீசன் வியாபாரமே படுத்துவிட்டது. தயவுசெய்து இந்திய டோனை அறியும் ஃபர்ம்வேர் (மோடத்தின் உள் மென்பொருள்) போட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். இந்த மாதத்துக்குள் நடக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சந்திப்போம். அந்த ‘பழுதில்லை’ சீட்டு பத்திரமாக இருக்கிறது.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். அந்தத் தம்பியைப் பேசச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்