'துணிப்பை' என்று விற்பதெல்லாம் துணி இல்லை

மதுரை

அன்புள்ள செல்விக்கு,

மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நீ அனுப்பிய சாமான் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைக்காரர் சொன்ன சொல்லையும் எழுதியிருந்தாயே, 'மக்கும்', 'இயற்கை', 'கைத்தறி' என்று, அது பெரிய உதவி. அந்தச் சொல் பொருளின் எந்தப் பகுதியைக் குறிக்கிறது, யார் சோதித்துச் சொன்னது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தாம்பூலப் பையில் தொடங்குகிறேன். உனக்கு மாதிரி காட்டிய மலிவான பை அநேகமாக 'நான் ஓவன்' (non-woven), அதாவது நெய்யாதது. தொட்டால் துணி போலிருக்கும். ஆனால் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக்கி அழுத்திய தாள் அது. வெளிச்சத்தில் பிடித்துப் பார். நெடுக்கும் குறுக்குமாக ஓடும் பாவும் ஊடையும் இருக்காது, சின்னச் சின்னப் புள்ளி அச்சு மட்டும் தெரியும். ஓரத்தில் துளி வெட்டி இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டி மணியாகும். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருள்களில் இந்த நான் ஓவன் பையும் உண்டு. பந்திக்கு நீ எழுதியிருக்கும் 'பேப்பர் கப்' உள்ளே பிளாஸ்டிக் பூச்சு உள்ளதாயின், அதுவும் அதே பட்டியலில்தான். 'மக்கும் பை' என்றால் ஐ.எஸ். 17088 என்ற தர எண்ணும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றும் கேள். அப்படியே இருந்தாலும் அந்தத் தரம் சுமார் 58 டிகிரி சூடு ஏறும் பெரிய உரக்கிடங்கை வைத்துச் சொல்வது. கொல்லையில் புதைத்தால் அதே வேகத்தில் மக்காது.

என்னைக் கேட்டால் காடாத் துணியிலேயே தைத்துவிடலாம். 36 அங்குல அகலத் துணியில், 8-க்கு 10 அங்குலப் பை மீட்டருக்கு நாலு வரும். மிச்சத் துண்டில் கைப்பிடிகளும் தேறும். ஒரு தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம் வைக்க அது போதும். 300 பை என்று வைத்தால் 75 மீட்டர், சேதாரத்துக்கு இரண்டு மீட்டர் கூட்டிக்கொள். வெட்டுமுன் துணியை நனைத்துக் காயவைக்கச் சொல். இல்லாவிட்டால் முதல் துவையலில் சுருங்கி, தையல் இழுத்துக்கொள்ளும்.

இனி சுங்குடி, அதாவது துணியில் நூலால் முடிச்சுக் கட்டிச் சாயம் தோய்த்துப் புள்ளி வரவைக்கும் சேலை. இங்கேதான் ஒரு சொல்லுக்குள் பல சொல் ஒளிந்திருக்கிறது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு 2005-இல் கிடைத்தது. அது ஊரையும் தொழில்முறையையும் காப்பது. சாயம் இயற்கையா என்று அது சொல்லாது. 'கைத்தறிச் சுங்குடி' என்றால் நெசவும் கைவேலை, முடிச்சும் கைவேலை என்று அர்த்தம் வர வேண்டும். ஆனால் விசைத்தறிச் சேலையில் முடிச்சுப் போட்டதும் உண்டு, கைத்தறிச் சேலையில் அச்சுப் புள்ளி வைத்ததும் உண்டு. நெசவுக்குச் சாட்சி 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் சீட்டு. முடிச்சுக்குச் சாட்சி சேலையேதான்: நூல் கட்டிய இடத்தில் சின்னச் சுருக்கம் இருக்கும், ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது, பின்பக்கமும் நிறம் ஊறியிருக்கும். அச்சில் புள்ளியெல்லாம் ஒரே அளவு, பின்பக்கம் வெளிறியிருக்கும். அச்சுச் சேலை வாங்குவது தப்பில்லை, முடிச்சு விலையைக் கொடுத்து வாங்காதே. முடிச்சு முடிச்சாக விரலால் கட்டுகிறவர்களின் கூலி அந்த விலையில் இருக்கிறது.

'இயற்கைச் சாயம்' என்றால், எது கொண்டு சாயம், எது கொண்டு நிறம் பிடிக்க வைத்தது என்று கேள். அவுரி, மஞ்சிட்டி, கடுக்காய், படிகாரம் என்று பதில் வந்தால் தெரிந்தவர். எந்தச் சாயமானாலும் ஈர வெள்ளைக் கைக்குட்டையால் மடிப்போரத்தில் தேய்த்துப் பார். லேசாக ஒட்டலாம், அள்ளி வந்தால் வேண்டாம்.

பந்தி அரிசிக்கு 'ஆர்கானிக்' என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் அரசு அங்கீகரித்த இயற்கை வேளாண்மைச் சான்று முத்திரை இருக்க வேண்டும். பி.ஜி.எஸ். என்பது விவசாயிகள் குழுவாக ஒருவரையொருவர் சரிபார்த்துத் தரும் சான்று; அதில் 'பி.ஜி.எஸ். கிரீன்' என்றால் நிலம் இன்னும் இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறது என்று பொருள், முழுச்சான்று 'பி.ஜி.எஸ். ஆர்கானிக்'. சிறு விவசாயி தானே நேரில் விற்றால் சான்று கட்டாயமில்லை, அங்கே வயலையே போய்ப் பார்த்துவிடலாம்.

மரச்செக்கு எண்ணெய்க்கு முத்திரையைவிடக் கணக்கு நம்பகமானது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கி, பிண்ணாக்கு விலையைக் கழி. எண்ணெய் அதற்கும் கீழே விற்றால் கலப்படமோ என்று சந்தேகப்படு.

2024 அக்டோபரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதலின்படி, 'பசுமை' போன்ற சொற்களை ஆதாரமில்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது. கடைக்காரர் மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்லலாம்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஏறுமுன் வந்துவிடு. விளக்குத்தூண் பக்கம் காலையிலேயே போவோம். சேலையைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். பை எத்தனை என்று முடிவானதும் எழுது, தையலுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
வள்ளி