வாங்க ஆள் வந்தால்தானே வரி கட்டுவதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 சதவீதமானதையும், அந்த ஊர்க்காரர்கள் காஸ்வே என்கிற கடல்பாதை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் சாமான் வாங்குவதையும் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். படங்களெல்லாம் பிரமாதம். நடுவில் ஒரு வரி: "வரி ஏறினால் வியாபாரிக்கு நஷ்டமில்லை, கட்டுவது வாங்குகிறவர்தானே." வாங்க ஆள் வந்தால்தானே ஐயா கட்டுவதற்கு?

எல்லையோர வியாபாரத்தைப் பார்க்கக் கடல் தாண்டிப் போயிருக்க வேண்டாம். பெங்களூரு சில்க் போர்டில் பஸ் ஏறினால் தமிழ்நாட்டு எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளி. அங்கேதான் நான் பெட்ரோல் பங்க் நடத்துகிறேன். 2024 ஜூனில் கர்நாடக அரசு விற்பனை வரியை பெட்ரோலுக்கு 25.92 சதவீதத்திலிருந்து 29.84 ஆகவும், டீசலுக்கு 14.34-லிருந்து 18.44 ஆகவும் ஏற்றியது. அடுத்த ஏப்ரலில் டீசலுக்கு மறுபடியும், 21.17. "அப்போதும் அண்டை மாநிலங்களைவிட மலிவுதான்" என்று அரசு சொன்னதை நீங்களும் அப்படியே அச்சடித்தீர்கள். டீசல் மலிவுதான், யார் இல்லை என்றது? ஓசூருக்கும் எங்களுக்கும் லிட்டருக்கு எட்டு ரூபாயை ஒட்டி இருந்த வித்தியாசம் மூன்று சொச்சத்துக்கு வந்துவிட்டதே, அதை யார் எழுதுவது? முன்பெல்லாம் கிருஷ்ணகிரி, தருமபுரி லாரிகள் டாங்கைக் காலியாக வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துதான் நிரப்பும். இப்போது முதலாளிகள், "நம்ம ஊர் பங்க்லயே கடன் கணக்குல போட்டுக்கிட்டுப் போ" என்று டிரைவரிடம் சொல்லிவிடுகிறார்கள். லாரி நிற்பது குறைந்ததும் பக்கத்துப் பஞ்சர் கடையும் டீக்கடையும் சேர்ந்தே படுத்துவிட்டன.

விற்பனை வரியால் விலை ஏறினால் எங்கள் கமிஷன் ஒரு பைசா கூடாது. எண்ணெய் கம்பெனிக்கு லோடுக்குக் கட்டும் முன்பணம் மட்டும் கூடும். லிட்டருக்கு மூன்று ரூபாய் என்றால் பன்னிரண்டாயிரம் லிட்டருக்கு 36,000. 2017-க்குப் பிறகு கமிஷனை 2024 அக்டோபரில்தான் உயர்த்தினார்கள். அதுவரை டீலர்கள் கத்திய கத்தல் உங்கள் பத்திரிகையில் ஒரு மூலையில்கூட வந்ததாக நினைவில்லை. ஆனால் 2021 தீபாவளிக்கு முதல் நாள் மாலை டீசலுக்குக் கலால் வரியை 10 ரூபாய் குறைத்தபோது கொட்டை எழுத்தில் போட்டீர்கள். பழைய விலைக்கு வாங்கி டாங்கை நிரப்பி வைத்திருந்தவனுக்கு அது என்ன தீபாவளி என்று கேட்டீர்களா?

கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒன்று. சிங்கப்பூர் கார் மலேசியாவுக்குப் போக முக்கால் டாங்க் எரிபொருள் இருந்தாக வேண்டும். 1991 முதல் அப்படித்தான். அந்தப் பக்கம் விலை குறைவு என்றால் ஜனம் அங்கேதான் போகும் என்பது அந்த அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது. இங்கேயும் அந்தச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் கிடைத்துவிடுமாக்கும்!

வரியைக் குறைக்கச் சொல்லி உங்களிடம் முறையிட்டு என்ன ஆகப்போகிறது? தினமும் இரண்டாம் பக்கத்தில் பெங்களூரு, சென்னை பெட்ரோல், டீசல் விலை போடுகிறீர்கள். அதற்குக் கீழே ஓசூர் விலையையும் ஒரு வரி சேர்த்தால் போதும். மிச்சமிருக்கும் மூன்று ரூபாயாவது லாரிக்காரர்கள் கண்ணில் படட்டும்.

இப்படிக்கு,
பங்க் டீலர் ஒருவர்,
அத்திப்பள்ளி, பெங்களூரு