எஞ்சின் வந்தாச்சு, ஏன் இன்னும் மாட்டவில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பழைய ஃபோர்டு வி8 வைத்திருக்கும் மூன்று பேர் இந்த மாதம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்: "எஞ்சினைக் கொடுத்து ஆறு வாரம் ஆச்சு, நாலு போல்ட் முறுக்க இத்தனை நாளா?" நியாயமான கேள்விதான். மொத்தமாகவே பதில் எழுதிவிடுகிறோம்.

1940 மாடல் காரோடு வந்தது 221 கன அங்குலம், 85 குதிரைத்திறன் எஞ்சின். நீங்கள் தேடிப்பிடித்துக் கொண்டுவருவது 1949இல் வந்த 8பிஏ வகை. 239 கன அங்குலம், 100 குதிரைத்திறன். இரண்டும் ஃபிளாட்ஹெட்தான் (வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் வகை), பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் பழைய பிளாக்கில் பெல் ஹவுசிங்கின் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) மேல்பாதி பிளாக்கோடு சேர்ந்தே வார்த்திருக்கும். 8பிஏ பின்பக்கம் மொட்டை, ஹவுசிங் தனி. 8பிஏ காரோடு வந்த ஹவுசிங்கில் உங்கள் பழைய கியர்பாக்ஸ் நேராக உட்காராது. 1948–52 ஃபோர்டு டிரக்கின் வார்ப்பிரும்பு ஹவுசிங் கிடைத்தால் உட்கார்ந்துவிடும். முன்பக்கமும் இதே கதை. பழைய எஞ்சின் சேஸிஸில் நிற்பதே வாட்டர் பம்ப்பின் காலில்தான். 8பிஏ கார் பம்ப்புக்கு அந்தக் கால் கிடையாது, டிரக் பம்ப்புக்கு உண்டு. இவை வந்து சேரத்தான் காத்திருக்கிறோம்.

"குறுக்குச் சட்டத்தை வெட்டி வெல்டிங் வைத்துவிடுங்களேன்" என்றார் ஒருவர். வைக்க மாட்டோம். எண்பது வருஷத்துக்கு மேல் நின்ற சேஸிஸ் அது.

அப்புறம் கார்புரேட்டர். முதல் வண்டியில் நாங்களே சறுக்கிய இடம் இது. அழகுக்காக ஒரு பழைய ஸ்ட்ராம்பர்க் 97 மாட்டினோம். ஷெட்டில் ஐடிலிங் பட்டுப் போல இருந்தது. குன்னூர் மலையேறும்போது பர்லியாறு வருவதற்குள் இழுவை செத்து, ரேடியேட்டர் மூடியில் ஆவி. பம்ப், பெல்ட், தெர்மோஸ்டாட் எல்லாம் பார்த்தோம். கோளாறு அங்கே இல்லை. பிளக்குகளுக்கு நேரம் பார்த்துத் தீப்பொறி அனுப்பும் 8பிஏ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப விரியும் எடைகளே கிடையாது. தனக்கென்றே அமைந்த 8பிஏ கார்புரேட்டரிலிருந்து வரும் வேக்குவத்தை (உறிஞ்சு விசை) மட்டும் நம்பித்தான் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, முன்னே தள்ளும். ஸ்ட்ராம்பர்க்கில் அந்தக் குழாயைச் செருக வாயே இல்லை. டைமிங் பின்தங்கினால் புகை சூடாகவே வெளியேறும். ஃபிளாட்ஹெட்டில் புகைப்பாதை பிளாக்கின் தண்ணீர் அறை வழியாகப் போவதால் அந்தச் சூடெல்லாம் தண்ணீருக்குத்தான். 8பிஏயின் சொந்தக் கார்புரேட்டரைத் திரும்ப மாட்டிய மறுவாரம் அதே வண்டி அதே மலையை முனகாமல் ஏறியது.

பழைய கார்புரேட்டர்தான் வேண்டும் என்றால் சரி, எடை வைத்த வேறு டிஸ்ட்ரிபியூட்டருக்கும் சேர்த்து பட்ஜெட் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட்டில் தண்ணீர் வெளியேறும் வாய் 8பிஏயில் நடுவிலிருந்து முன்னுக்கு வந்துவிட்டதால், ரேடியேட்டர் ஹோஸும் புதிதாக வளைக்க வேண்டிவரும். அது பில்லில் சின்ன வரிதான்.

எஞ்சினை வாங்கும் முன் பிளாக்கின் பின்பக்கம், வாட்டர் பம்ப், கார்புரேட்டர் மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். என்னென்ன குறைகிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவோம். அதற்குக் காசு வாங்குவதில்லை.

அன்புடன்,
பட்டறையிலிருந்து