மெகாபிக்சல் கூடியது, சென்சார் சுருங்கியது: புதிய மாடல் போன் குறித்த புகார்

அனுப்புநர்:
போட்டோ, வீடியோ ஸ்டுடியோ நடத்துவோர், புதுச்சேரி

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர் அலுவலர், கைபேசி தயாரிப்பு நிறுவனம்

பொருள்: முந்தைய தலைமுறையைவிடத் தரம் குறைந்த கேமராவை மேம்பட்டது என்று விற்றது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

நிகழ்ச்சிகளில் உடனடிப் படங்களும் ரீல்ஸும் எடுக்க உங்கள் போன்களைத்தான் பயன்படுத்திவருகிறோம். அதே வரிசையில் வந்த அடுத்த மாடலை, 50 மெகாபிக்சல் 108 ஆகியிருக்கிறது, இரவுப் படங்கள் மேம்பட்டிருக்கின்றன என்ற விளம்பரத்தை நம்பி வாங்கினோம். இரவுப் படங்கள் முன்பிருந்ததைவிட மோசமாக வருகின்றன.

காரணம் உங்கள் விவரப் பட்டியலிலேயே இருக்கிறது. வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லுதான் சென்சார். பழைய சென்சாரில் ஒரு பிக்சலின் அளவு 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 8192 × 6144 பிக்சல் என்றால் ஏறக்குறைய 50 சதுர மில்லிமீட்டர் பரப்பு. புதியதில் பிக்சல் 0.64 மைக்ரான்; 12000 × 9000 என்று பெருக்கினாலும் 44 சதுர மில்லிமீட்டர்தான். லென்ஸின் துளை அளவு இரண்டிலும் எஃப் 1.8. ஆக, சென்சாருக்குள் விழும் மொத்த வெளிச்சம் சுமார் 12 சதவீதம் குறைந்துவிட்டது. ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் போன் சேமிக்கிறது. பழைய போனும் நான்கைச் சேர்த்து அதே 12 தான் தந்தது. 108 என்ற எண்ணால் இருட்டில் ஒரு பயனும் இல்லை.

இதைவிடப் பெரிய இழப்பு ஓஐஎஸ் என்னும் ஒளியியல் நிலைப்படுத்தல். பழைய மாடலில் கை நடுக்கத்துக்கு ஏற்ப லென்ஸை நகர்த்தும் காந்தமும் சுருளும் இருந்தன. கையில் பிடித்தபடியே 1/10 விநாடி வரை ஷட்டரைத் திறந்துவைத்தாலும் அசையாத பொருள்கள் கூர்மையாக வந்தன. புதியதில் அந்தப் பாகமே இல்லை. அதனால் போன் ஷட்டர் வேகத்தைக் கூட்டி, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறனை) ஏற்றி, அதில் எழும் புள்ளிகளை மென்பொருளால் தேய்க்கிறது. பட்டுப்புடவையின் சரிகைக் கோடுகள் ஒன்றோடொன்று கலக்கின்றன. கூந்தலில் உள்ள மல்லிகைச் சரம் வெறும் வெள்ளைத் தீற்றலாகிறது. நைட் மோடு பல பிரேம்களை அடுக்குவதால் கட்டடங்களுக்கு உதவும்; நகரும் மனிதர்களுக்கு உதவாது.

அடுத்த அப்டேட்டில் சரியாகும் என்கிறது உங்கள் சர்வீஸ் சென்டர். இதை ஏற்க முடியாது. மின்னணு நிலைப்படுத்தல் வீடியோவின் ஓரங்களை வெட்டி ஆட்டத்தை மறைக்கும். ஷட்டர் திறந்திருக்கும்போதே கலங்கிப்போன படத்தை அது மீட்காது. இரண்டு போனையும் கையில் பிடித்து, அளவுகளை நாமே அமைக்கும் புரோ மோடில் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/10 வைத்து, ஒரே இடத்தில், மென்பொருள் திருத்தாத ரா கோப்பாக எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற அளவு 60 ஹெர்ட்ஸிலிருந்து 120 ஆனது உண்மையான முன்னேற்றம், அதை மறுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தில் பெரிதாகப் போட்ட உச்ச நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) அளவு, எச்டிஆர் (வெளிச்ச வேறுபாடு மிகுந்த) காட்சியில் திரையின் சிறு பகுதிக்கு மட்டுமே கிடைப்பது. நண்பகலில் கடற்கரைச் சாலையில் நின்று பிரேம் பார்க்க, முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போது எவ்வளவு வெளிச்சம் என்பதுதான் தேவை. அந்த எண் எங்கும் இல்லை. முந்தைய மாடலில் இருந்த, திரை அணைந்தணைந்து துடிக்காமல் வெளிச்சத்தைக் குறைக்கும் டிசி டிம்மிங் வசதியையும் எடுத்துவிட்டீர்கள். வெளிச்சத்தைக் குறைத்துவைத்த திரையை இன்னொரு போனில் 1/1000 ஷட்டரில் படம் பிடித்தால் கருப்புப் பட்டைகள் விழுகின்றன. இருட்டு மண்டபத்தில் மணிக்கணக்கில் திரையைப் பார்ப்பவர்களில் சிலருக்கு இந்தத் துடிப்பு தலைவலி தரும்.

போன்களைத் திரும்பப் பெற்று முழுத் தொகையைத் தர வேண்டும். இனி பெட்டியின் மேல் மெகாபிக்சலுக்குப் பக்கத்திலேயே அதே எழுத்தளவில் சென்சார் அளவு, ஓஐஎஸ் உண்டா இல்லையா, முழுத் திரை வெளிச்சம் ஆகியவற்றை அச்சிட வேண்டும். விலைப்பட்டியல் நகல், ஒப்பீட்டுப் படங்களின் ரா கோப்புகள் இத்துடன் உள்ளன. 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தவறான விளம்பரம் என்று நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவோம்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ நடத்துவோர்,
புதுச்சேரி